பெயரும் மெய்யும்

ஒருவர் தம் மகனுக்கு ஜினதத்தன் எனப் பெயரிடுகிறார். ஜினரால் தரப்பட்டவன் என்பது அதன் பொருள். ஆயின், வீதராகராகிய ஜினர் எவர்க்கும் எதனையும் எடுத்துக் கொடுப்பவர் அல்லர். எனின், அப்பெயரைச் சொல்லி நாள்தோறும் மகனை அழைக்கும் தாய், நாள்தோறும் பொய்யுரைக்கின்றாளா? இல்லை என்பதே நம் ஆசாரியர்களின் விடை. கோம்மடசாரம் ஜீவகாண்டத்தில் நேமிசந்திரர் வாய்மையைப் பத்து வகையாகப் பகுத்துரைக்கும்போது, நாம சத்தியம் என ஒன்றையும் அவற்றுள் வைத்திருக்கிறார். பெயரானது பொருளின் குணத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. இன்னாரைச் சுட்டுகிறது எனக் கேட்பவர் அறிந்தால் போதும், அது மெய்யுரையே.

இத்துடன் வழக்கு முடிந்தது போலத் தோன்றும். ஆனால், சுட்டப்படும் பொருளைச் சொல்பவரும் கண்டதில்லை, கேட்பவரும் காணப்போவதில்லை என்றால் என்ன ஆகும்? அப்போது பெயர் வெறுமனே சுட்டிக்காட்டிவிட்டு ஒதுங்கி நிற்குமா, அல்லது தானே பொருளின் இடத்தில் வந்து அமர்ந்துகொள்ளுமா? திருவள்ளூர் மாவட்டத்துப் பள்ளிகளில் 35 ஆண்டுகள் அறிவியல் கற்பித்த எம்மை இவ்வினா ஓய்வுபெற்ற பின்னரும் விடவில்லை. அன்பர்களோடு அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காணக்கூடிய பொருளிலிருந்து தொடங்குவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் இரும்பை உருக்கும் ஆலைகளும் கம்பி இழுக்கும் ரோலிங் மில்களும் பல உள்ளன. எம்மிடம் பயின்ற பிள்ளைகள் சிலர் அங்கே பணிபுரிகின்றனர். இரும்பின் வகைகளுக்கு நம் பாடநூல்கள் தரும் பெயர்களுள் ஒன்று தேனிரும்பு. அதில் ஒரு துளித் தேனும் இல்லை. ஆலைகளில் ஸ்பாஞ்ச் அயர்ன் என ஒன்றைச் சொல்வார்கள். தாதுவை உருக்காமலேயே அதிலுள்ள ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும்போது உள்ளே நுண்ணிய துளைகள் நின்றுவிடுகின்றன. கடற்பஞ்சு போலிருத்தலின் அப்பெயர். அதனை எவரும் அழுத்திப் பிழிந்து பார்ப்பதில்லை, தேனிரும்பை எவரும் நக்கிப் பார்ப்பதும் இல்லை. ஏனெனில் பொருள் கையில் இருக்கிறது. கனக்கிறது, சுடுகிறது, துருப்பிடிக்கிறது. பெயர் சற்றே வழி தவறினாலும் பொருள் அதனை உடனே திருத்திவிடுகிறது.

அணுவினுள் இருக்கும் துகள்களின் நிலை வேறு. அவற்றைத் தொட்டுக் காட்ட எந்த ஆசிரியையாலும் இயலாது. கரும்பலகையில் வட்டம் வரைந்து பெயரெழுதுவோம். பிள்ளைகள் பெற்றுக்கொள்வது அப்பெயர் ஒன்றையே.

தமிழில் மின்னணு என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் என்று நாடெங்கும் வழங்குகிறோம். நெடுஞ்சாலை ஓரங்களில் சுமைவண்டிகளை நிறுத்தி எடை பார்க்கும் இடங்களில் ‘மின்னணு எடைமேடை’ என்ற பலகையைக் காணலாம். எலக்ட்ரானுக்கு மின்னணு என்று பெயரிட்டதன் வழியே வந்தது இவ்வழக்கு. அப்படியொரு பலகையைப் பார்த்துவிட்டு வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எம்மிடம் கேட்டாள்: “டீச்சர், அணுவுக்குள்ளே இருப்பது எலக்ட்ரான் என்றீர்கள். அதற்கே மின் அணு என்று பெயர் என்றால், அணுவுக்குள்ளே இன்னோர் அணுவா?” வகுப்பு சிரித்தது. சிரித்தவர்களைவிட அவள் கூர்மையானவள். எலக்ட்ரான் அணு அன்று; அணுவின் ஓர் உறுப்பு. மிக எளிய ஹைட்ரஜன் அணுவின் எடையில் ஏறத்தாழ 1,800-இல் ஒரு பங்குதான் அதன் எடை. மின்னணு என்ற பெயரோ அதனை அணு என்கிறது. தமிழ் அறிந்த பிள்ளைக்குத்தான் இக்குழப்பம் வரும். தமிழ் அறியாத பிள்ளைக்கு வராது என்பது இதில் உள்ள வேடிக்கை.

இதன் மூலம் இன்னும் பின்னே செல்கிறது. ஆங்கிலத்தில் ஆட்டம் என வழங்கும் சொல்லுக்குக் கிரேக்க மொழியில் வெட்ட முடியாதது என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டால்டன் அதனை வேதியியலில் நிலைநிறுத்தினார். 1897-இல் ஜே. ஜே. தாம்சன் அதனினும் சிறிய துகளைக் கண்டபோது, வெட்ட முடியாதது வெட்டுப்பட்டுவிட்டது. பெயரை எவரும் மாற்றவில்லை. அந்தச் சிறுதுகளை மின்னூட்டத்தின் அலகாக எண்ணி 1891-இலேயே ஸ்டோனி என்பவர் சூட்டிவைத்திருந்த பெயர்தான் எலக்ட்ரான். அதன் வேர் அம்பர் என்னும் மரப்பிசினுக்கான கிரேக்கச் சொல். தேய்த்தால் துரும்பை இழுக்கும் பிசின் அது. ஆக, ஐரோப்பியப் பிள்ளையும் பிசினின் பெயரைத்தான் படிக்கிறான். ஆயினும் ஓர் அனுகூலம் உண்டு. அப்பெயர் அவனுக்கு எதனையும் வாக்களிப்பதில்லை. “அது என்ன?” என்று அவன் கேட்டே ஆகவேண்டும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எலக்ட்ரான் என்றே எழுதுகின்றன. இலங்கைத் தமிழர் அதனை இலத்திரன் என்றும், புரோட்டானைப் புரோத்தன் என்றும் தம் நாவிற்கேற்ப ஆக்கிக்கொண்டனர். ஒரே சோற்றை ஒவ்வொரு நாட்டார் ஒவ்வொரு பெயரால் அழைத்தாலும் அனைத்தும் மெய்யே என்று ஜனபத சத்தியத்திற்கு உரைகாரர் விளக்கம் தருவர். எலக்ட்ரானும் இலத்திரனும் அவ்வகையின. மின்னணு அவ்வகையினது அன்று என்பது எம் துணிபு. அது சுட்டுவதோடு நில்லாமல் ஒரு கூற்றையும் சொல்கிறது, அக்கூற்று பிழையானது. தமிழில் கலைச்சொல் ஆக்கவே கூடாது என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளவேண்டா. 1916-இலேயே சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று ஒரு சங்கம் கண்டனர். அப்பெருமக்களின் வழியில் வந்த அணுக்கரு, மூலக்கூறு போன்ற சொற்கள் எம் வகுப்பறையில் எத்தனையோ நாள் எம்மைக் காத்தன. அறிந்து முடித்த பொருளுக்குப் பொருளுணர்த்தும் பெயர் நன்று. அறிந்துகொண்டிருக்கும் பொருளுக்கு அது சற்றே அவசரம்.

இந்த அவசரம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டு மேதை ஹோமி பாபா தொடர்புற்ற ஒரு வரலாறு இதற்குத் தக்க சான்று. விண்ணிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களில் எலக்ட்ரானைவிடக் கனமும் புரோட்டானைவிட இலேசும் ஆன ஒரு துகளை 1936-37-இல் ஆண்டர்சனும் நெடர்மேயரும் கண்டறிந்தனர். நடுத்தர எடை உடையது என்னும் பொருளில் மீசோட்ரான் என்னும் பெயர் எழுந்தது. 1939-இல் ‘நேச்சர்’ இதழில் பாபா ஒரு திருத்தம் சொன்னார். நடு என்பதற்கான கிரேக்க வேர் ‘மீசோ’ மட்டுமே. எலக்ட்ரான், நியூட்ரான் என்பவற்றில் உள்ள ‘ட்ர’ ஒலி அவ்வச்சொற்களின் வேர்களுக்கு உரியது. அதனை இங்கே கொண்டுவந்து ஒட்டுவது பொருந்தாது. ஆகவே மீசான் என்பதே முறையும் சுருக்கமும் ஆகும் என்றார். ஓர் இலக்கண ஆசிரியரின் கூர்மை! அப்பெயரே நிலைத்தது.

இலக்கணம் சரியாயிற்று. பொருள் என்னவாயிற்று என்று பார்ப்போம். அணுக்கருவைப் பிணைக்கும் விசைக்கு உரியதாக நடுத்தர எடையுள்ள ஒரு துகள் இருக்கவேண்டும் என்று 1935-இல் ஜப்பானியரான யுகாவா கூறியிருந்தார். வானிலிருந்து வந்ததும் நடுத்தர எடை, யுகாவா சொன்னதும் நடுத்தர எடை. இரண்டும் ஒன்றே என்று உலகம் கொண்டது. இத்தாலியில் கான்வெர்சி, பான்சினி, பிச்சியோனி என்னும் மூவர் நடத்திய சோதனையின் முடிவு 1947-இல் வெளிவந்தது. யுகாவாவின் துகளாயின் கார்பன் அணுக்கரு அதனை விழுங்கியிருக்க வேண்டும். அதுவோ விழுங்கப்படாமல் தானே சிதைந்தது. அதே ஆண்டில் பாவெல் குழுவினர் உண்மையான யுகாவா துகளாகிய பையானைக் கண்டனர். முதலில் கண்டதற்கு மியூ மீசான் எனப் பெயர் தந்து, பின்னர் அது மீசான் குடும்பமே அன்று என்று தெளிந்து, மியூவான் என மாற்றினர்.

பத்தாண்டுக் காலம் இக்குழப்பம் நீடித்ததற்குப் பெயர்தான் காரணம் என்று சொன்னால் அது மிகை. போர் ஒரு காரணம், கருவிகளின் குறை ஒரு காரணம். ஆயினும் எடையை வைத்துப் பெயர் சூட்டிய பழக்கம், எடையை வைத்தே ஒன்றென்று எண்ணும் பழக்கத்திற்குத் துணைநின்றது என்று சொல்வதில் பிழையில்லை. அப்புறம் வந்தவை இன்னும் விந்தை. 1977-இல் கண்ட உப்சிலான் என்னும் மீசான் புரோட்டானைப்போல் பத்து மடங்கு எடையுள்ளது. நடுத்தரம் என்பதே அதன் குடும்பப் பெயர். இலேசானவை என்னும் பொருளில் லெப்டான் என்று பெயர்பெற்ற வகையைச் சேர்ந்த டௌ என்பது புரோட்டானைவிட ஏறத்தாழ இருமடங்கு கனம். மெலிந்தவள் என்று பெயரிடப்பட்ட பெண் பருத்துப்போனால் யாரும் பெயரை மாற்றுவதில்லை அல்லவா!

ஒப்பிட்டுப் பார்த்தால், எதனையும் சொல்லாத பெயர்களே நெடுநாள் பழுதின்றி வாழ்ந்திருக்கின்றன. 1899-இல் ரூதர்போர்டு, கதிரியக்கத்தில் வந்த இருவகைக் கதிர்களுக்குக் கிரேக்க எழுத்து வரிசைப்படி ஆல்பா, பீட்டா என்று மட்டும் பெயரிட்டார். நம் வழக்கில் சொன்னால் ‘அ’, ‘ஆ’ என்றது போல. பின்னாளில் ஒன்று ஹீலியம் அணுக்கரு என்றும் மற்றொன்று எலக்ட்ரான் என்றும் தெளிவானபோது, திருத்தவேண்டிய பிழை அப்பெயர்களில் எதுவும் இருக்கவில்லை. எக்ஸ் கதிர் என்று 1895-இல் ரான்ட்ஜன் இட்ட பெயர், “இன்னதென்று அறியேன்” என்ற பணிவையே பெயராக்கியது. அறிந்த பின்னும் அப்பணிவு அழியாமல் நிற்கிறது.

இயற்பியல் அறிஞர்க்கு இவற்றால் பெருங்கேடு நேராது என்பதையும் சொல்லவேண்டும். உலைக்களத் தொழிலாளிக்கு இரும்பு கையில் இருப்பது போல, அவர்க்குக் கணிதம் கையில் இருக்கிறது. மீசான் எனும்போது அவர் நடுத்தரம் என்று நினைப்பதில்லை. ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்தது என்றே நினைப்பார். கணிதமும் இல்லை, கருவியும் இல்லை என்னும் நிலையில் இருப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகளும், செய்தித்தாள் படிப்போரும், நாமும்தான். பெயரின் பாரம் முழுவதும் நம் தலையில் இறங்குகிறது.

தேனி மாவட்டத்தில் அது இறங்கிய விதத்தை நம் மாநிலம் கண்டது. போடி மேற்கு மலையில், பொட்டிபுரம் என்னும் ஊரருகே, மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை 2015 சனவரியில் ஒப்புதல் தந்தது. 50,000 டன் இரும்பைக் காந்தமாக்கி, அதனூடே செல்லும் நியூட்ரினோக்களை ஆராய்வது திட்டம். எதிர்ப்பு கிளம்பியது. மலையை வெடிவைத்துக் குடைவது, நீர்வளம், காட்டுயிர் முதலியன பற்றி எழுந்த வினாக்கள் தக்க வினாக்கள். அவற்றைப் பேதைமை என்று தள்ள நமக்கு உரிமையில்லை. 2022-இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் தன் மறுப்பைத் தெரிவித்தது. நாம் இங்கே நோக்குவது வேறொன்று. அக்காலத்தில் கும்மிடிப்பூண்டியில் இருந்துகொண்டே எம்மிடம் சிலர் கேட்டனர்: “நியூட்ரான் குண்டு செய்யத்தானே அம்மா இது?” ஈரெழுத்து வேற்றுமை, நியூட்ரான் எங்கே, நியூட்ரினோ எங்கே! அணு என்ற சொல்லும் அருகில் வந்துவிட்டால் அச்சத்திற்கு அளவேது?

நியூட்ரினோவின் பெயர்க்கதையே ஒரு மாறாட்டக் கதைதான். 1930 திசம்பரில் பௌலி என்பார் இத்துகள் இருக்கவேண்டும் என்று ஒரு கடிதத்தில் எழுதியபோது, அவர் இட்ட பெயர் நியூட்ரான்! மின்னூட்டம் அற்றது என்பதால் அப்பெயர். 1932-இல் சாட்விக் வேறொரு கனத்த துகளைக் கண்டு அப்பெயரை அதற்குச் சூட்டிவிட்டார். பிறகு இத்தாலியரான பெர்மியின் குழுவில், சிறியது என்னும் இத்தாலிய விகுதியைச் சேர்த்து, நியூட்ரினோ என்று இதனை அழைத்தனர். மூத்தோன் பெயரை இளையோன் எடுத்துக்கொள்ள, மூத்தோனைச் சின்னவன் என்று அழைத்த கதை. கதிரவனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் விநாடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி புகுந்து வெளியேறுகின்றன. யாதொரு தீங்கும் இல்லை. தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், காற்றுமண்டலத்தில் தோன்றிய நியூட்ரினோவின் தடயம் 1965-இலேயே பதிவாயிற்று. இவற்றை முன்னரே அம்மக்களிடம் பொறுமையாகச் சொல்லியிருந்தால் திட்டம் நிறைவேறியிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. வேண்டும் என்றோ வேண்டா என்றோ சொல்லும் உரிமையைப் பொருளறிந்து அவர்கள் செலுத்தியிருப்பார்கள் என்கிறோம்.

அச்சம் ஒருபுறம் என்றால் பெருமிதம் மறுபுறம். 2012 சூலை 4 அன்று ஹிக்ஸ் போசான் கண்டறியப்பட்ட செய்தி வந்தபோது தமிழ் நாளிதழ்கள் அதனைக் கடவுள் துகள் என்றன. லெடர்மன் என்னும் அறிஞரின் 1993-ஆம் ஆண்டு நூல் தலைப்பிலிருந்து பரவிய பெயர் அது. ஹிக்ஸ் அதனை விரும்பவில்லை. படைப்புக் கடவுளை ஒப்பாத நம் சமயத்தார் அதனைக் கேட்டுப் புன்னகைத்தோம். போசான் என்ற சொல்லுக்குள் நம் சத்யேந்திரநாத் போஸ் இருப்பதைப் பலர் கவனிக்கவில்லை என்பது தனி வருத்தம். ஆனால் பிறர் வீட்டுப் பெயரைக் கண்டு புன்னகைத்த நாம், நம் வீட்டுப் பெயரில் விழிப்பாய் இருக்கிறோமா?

எம் பகுதிச் சிறுவர்க்கு ஞாயிறுதோறும் சமய வகுப்பு நடத்தும் இளைஞர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு படத்தாளை வரைந்து எம்மிடம் கொணர்ந்தார். உருக்காலையொன்றின் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிபவர். அறிவும் ஆர்வமும் நிறைந்தவர். இடப்பக்கம் பரமாணு: நிறம் உண்டு, சுவை உண்டு. வலப்பக்கம் குவார்க்: நிறம் உண்டு, சுவை உண்டு. மேலே, இன்றைய அறிவியல் அன்றே நம் ஆகமத்தில் என்னும் தலைப்பு. அச்சிட்டு வழங்கும் செலவை ஏற்கப் பெரியவர் ஒருவர் முன்வந்திருந்தார்.

பரமாணுவிற்கு ஒரு நிறம், ஒரு சுவை, ஒரு மணம், இரண்டு ஊறு என்பது நாம் கற்றது. குவார்க்கின் நிறம் கண்ணுக்குரிய நிறம் அன்று. ஒளியின் அலைநீளத்தினும் பலகோடி மடங்கு சிறியதற்கு நிறமென்பதே இல்லை. மூவகையாய் நிற்கும் ஒரு பண்பு மூன்றும் சேர்ந்தால் நடுநிலையாகிறது. சிவப்பும் பச்சையும் நீலமுமான ஒளிகள் சேர்ந்து வெண்மையாவதை ஒத்திருத்தலின் உவமையாக நிறம் என்றனர். சுவை என்பதன் வரலாறோ இன்னும் எளியது. 1971-இல் ஜெல்மனும் பிரிட்ஸ்ச்சும் அமெரிக்காவில் ஓர் ஐஸ்கிரீம் கடையில் வகைவகையான சுவைகளைக் கண்டு, குவார்க்கின் வகைகளுக்கும் அதே பெயர் இருக்கட்டும் என்றார்கள்.

அந்த இளைஞரிடம் நாம் கேட்டவை மூன்று. நம் ஆகமத்தில் நிறம் ஐந்து, சுவை ஐந்து. குவார்க்கிற்கு நிறம் மூன்று, சுவை ஆறு. கணக்கு ஒத்துவருகிறதா, தம்பி? மணத்திற்கும் ஊறுக்கும் வலப்பக்கத்தில் என்ன எழுதப் போகிறீர்கள்? அவ்விருவரும் அன்று ஐஸ்கிரீம் கடைக்குப் போகாமல் துணிக்கடைக்குப் போயிருந்தால், உமாசுவாமியின் உரை பொய்யாகிவிடுமா?

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “பெயர் ஒன்றாக இருக்கிறதே, அம்மா” என்றார். உவமையும் வாய்மையின் பத்து வகையுள் ஒன்றுதான் என்று நினைவூட்டினோம். பல்லியோபமம் என்று காலத்தை அளக்கும்போது எவரும் மயிர் நிறைந்த குழியைத் தேடிப் புறப்படுவதில்லை. உவமை என்று அறிந்து சொல்லும்வரை உவமை சத்தியம். அதனையே சான்றாக நீதிமன்றத்தில் ஏற்றினால் அது வேறு ஆகிவிடும். ஆகமத்தின் பெருமை ஐஸ்கிரீம் கடையின் தயவில் நிற்கவேண்டுவதில்லை.

மறுவாரம் அவர் வேறு படத்தாள் வரைந்து வந்தார். பரமாணுவிற்கு ஒரு தாள், குவார்க்கிற்கு ஒரு தாள். இரண்டாவது தாளில் சுவை என்பதை எடுத்துவிட்டு, பிளேவர் என்றே தமிழ் எழுத்தில் எழுதி, “வகையைக் குறிக்கும் பெயர்; நாவினால் அறியப்படுவது அன்று” என்று கீழே குறித்திருந்தார். செலவை ஏற்கவிருந்த பெரியவருக்கு முதற்படமே உவப்பாக இருந்தது. இதற்கு அவர் இசையவில்லை. ஆகவே அச்சேறவில்லை. கையால் எழுதிய தாள்களே வகுப்புச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றன. அவற்றைப் படித்த சிறுவன் ஒருவன், “நாக்கால் அறிய முடியாது என்றால் எதனால் அறிந்தார்கள்?” என்று கேட்டிருக்கிறான். அதற்கு விடை சொல்ல ஒரு ஞாயிறு போதாதென்று இளைஞர் எம்மை வகுப்புக்கு அழைத்திருக்கிறார்.